‘சத்தம் பத்தாது’ என்பது நோயின் பெயரன்று

திருவனந்தபுரத்தில் பழைய இசைத்தட்டுகளை மீண்டும் சுழலவிடுவோர் கூறும் குறை பெரும்பாலும் ஒரே தொடரில் அடங்கிவிடுகிறது. மலையாளத்தில் அது ‘சப்தம் போரா’. தமிழில் ‘சத்தம் பத்தாது’. இரு மொழிகளிலும் அச்சொல் ஒலியையும் குறிக்கும், ஒலியின் அளவையும் குறிக்கும்; தமிழில் வேண்டாத இரைச்சலுக்கும் அதுவே பெயர். ஆகவே இத்தொடரைக் கேட்டுக் குறை எங்கே உள்ளதென்று எவராலும் சொல்ல இயலாது. மருத்துவரிடம் சென்று ‘உடம்பு சரியில்லை’ என்று மட்டும் சொல்லி மருந்து கேட்பதற்கு ஒப்பானது அது. கடைக்காரரும் மருந்து தருகிறார். ஒருவருக்கு விலையுயர்ந்த கார்ட்ரிட்ஜ், மற்றொருவருக்குப் புதிய ஆம்ப்ளிஃபயர். குறையோ பெரும்பாலும் இரண்டிலும் இருப்பதில்லை. இரண்டுக்கும் இடையிலுள்ள கணக்கில் இருக்கிறது.

கார்ட்ரிட்ஜ் எவ்வளவு மின்னழுத்தம் தருகிறது, ஃபோனோ ப்ரீஆம்ப் அதனை எத்தனை மடங்கு பெருக்குகிறது என்னும் இரண்டு எண்களும் பொருந்த வேண்டும். இது பணம் படைத்தோரின் பொழுதுபோக்கு நுணுக்கம் என்று ஒதுக்கத்தக்கதன்று. வீட்டில் பாட்டுக் கேட்பவர் இக்கணக்கைத் தவறவிட்டால் ஒரு மாலைப்பொழுது கெடும், மறுநாள் திருத்திக்கொள்ளலாம். தட்டை எண்ணிமக் கோப்பாக மாற்றுபவர் தவறவிட்டால் அந்தப் பிழை கோப்பினுள் நிலைத்துவிடும். தட்டு உடைந்தோ பூஞ்சை பிடித்தோ அழிந்த பிறகு, அக்கோப்பே மூலம் எனக் கொள்ளப்படும். இசைத்தட்டை எண்ணிமமாக்கும் எவரும் இக்கணக்கைச் செய்ய வேண்டும், செய்ததை எழுதியும் வைக்க வேண்டும் என்பதே இங்கு வலியுறுத்தப்படுவது.

இந்நகரில் இது ஏன் முக்கியம் என்பதற்குக் காரணங்கள் உள்ளன. 1939-இல் தொடங்கப்பட்ட சுவாதித் திருநாள் இசைக் கல்விக்கூடத்தின் முதல் முதல்வர் ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர். அவருக்குப் பின் அப்பொறுப்பை ஏற்று நெடுங்காலம் இங்கே வாழ்ந்தவர் செம்மங்குடி சீனிவாச ஐயர். 1943-இல் திருவிதாங்கூர் வானொலி இங்கிருந்து ஒலிபரப்பத் தொடங்கி, 1950-இல் அகில இந்திய வானொலியுடன் இணைந்தது. 1980-இல் கே.ஜே. யேசுதாஸ் தரங்கிணி ஒலிப்பதிவுக் கூடத்தை இந்நகரில் நிறுவினார். கரமனை, வலியசாலை, கோட்டைக்ககம் ஆகிய பகுதிகளின் வீடுகளில் தமிழிசையும் கருநாடக இசையும் மலையாளத் திரைப்பாடலும் ஒரே அலமாரியில் அடுக்கப்பட்டிருந்தன. ஈரக்காற்றும் இரு பருவமழைகளும் கொண்ட இவ்வூரில் தட்டின் அட்டை உறை முதலில் கெடுகிறது. பின்னர்ப் பள்ளங்களில் பூஞ்சை படர்கிறது. எஞ்சியிருப்பவற்றை எண்ணிமமாக்கும் ஆர்வம் இப்போதுதான் பெருகியுள்ளது. ஆர்வம் பெருகிய இவ்வேளையில்தான் எச்சரிக்கையும் தேவைப்படுகிறது.

கணக்கு எளியது. தட்டின் பள்ளத்தில் ஊசி பக்கவாட்டில் அசையும் வேகத்திற்கேற்பக் கார்ட்ரிட்ஜில் மின்னழுத்தம் பிறக்கிறது. தயாரிப்பாளர்கள் அதனை 1 கிலோஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில், வினாடிக்கு 5 சென்டிமீட்டர் வேகத்தில் அளந்து தருவது வழக்கம். அசையும் காந்த வகையான எம்.எம். கார்ட்ரிட்ஜ் பெரும்பாலும் 3 முதல் 6 மில்லிவோல்ட் வரை தரும். ஆடியோ டெக்னிகா வி.எம்.95.இ. 4 மில்லிவோல்ட், ஆர்ட்டோஃபான் 2எம் ரெட் 5.5 மில்லிவோல்ட். அசையும் சுருள் வகையான எம்.சி. கார்ட்ரிட்ஜ் பொதுவாக 0.2 முதல் 0.5 மில்லிவோல்ட் மட்டுமே தரும். ‘ஹை அவுட்புட்’ எனப்படும் எம்.சி. வகை 2 மில்லிவோல்ட்டை ஒட்டி நிற்கும். சிலர் 5-க்கு மாற்றாக 3.54 சென்டிமீட்டர் வேகத்தில் அளந்து எழுதுவர். அந்த அளவில் 3 மில்லிவோல்ட் என்றால், 5 சென்டிமீட்டரில் அது ஏறத்தாழ 4.2 மில்லிவோல்ட். இரு கார்ட்ரிட்ஜ்களை ஒப்பிடும் முன்னர் இந்தச் சிறு குறிப்பைப் பார்க்காதவர் ஆப்பிளையும் அயனிப்பலாவையும் ஒரே தராசில் வைத்தவராவார்.

ப்ரீஆம்பின் பெருக்கம் டெசிபெல்லில் சொல்லப்படும். இந்த அலகைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. 20 டெசிபெல் என்றால் பத்து மடங்கு. 40 என்றால் நூறு மடங்கு. 60 என்றால் ஆயிரம் மடங்கு. 6 டெசிபெல் கூடினால் ஏறத்தாழ இரட்டிப்பு. ஆம்ப்ளிஃபயருக்குச் சென்று சேர வேண்டியது சுமார் 0.3 முதல் 0.5 வோல்ட். எனவே 4 மில்லிவோல்ட் தரும் கார்ட்ரிட்ஜுக்கு 40 டெசிபெல் பெருக்கம் போதும்: நூறால் பெருக்கினால் 0.4 வோல்ட். 2 மில்லிவோல்ட்டுக்கு 46 டெசிபெல், அதாவது இருநூறு மடங்கு. விடை மீண்டும் 0.4 வோல்ட். 0.3 மில்லிவோல்ட்டுக்கு 60 டெசிபெல், விடை 0.3 வோல்ட். நடுநிலைப் பள்ளி மாணவர் செய்துவிடக்கூடிய பெருக்கல் இது. திருமணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்க்கும் ஊரில், இந்த ஒரு பொருத்தத்தைப் பார்க்காமலே பல்லாயிரம் ரூபாய் செலவாகிறது.

பெருக்கம் குறைந்தால் என்ன? 0.3 மில்லிவோல்ட் கார்ட்ரிட்ஜை 40 டெசிபெல் ப்ரீஆம்பில் இணைத்தால் கிடைப்பது 0.03 வோல்ட். ‘சத்தம் பத்தாது’ என்று ஒலியளவுத் திருகை முழுவதும் திருப்புவர். பாட்டு உயரும்; உடன் இரைச்சலும் உயரும். காரணம், இரைச்சலின் தலைவிதி முதல் பெருக்கு நிலையிலேயே எழுதப்பட்டுவிடுகிறது. அந்நிலை தன் பங்காக 1 மைக்ரோவோல்ட் இரைச்சலைச் சேர்ப்பதாகக் கொள்வோம். 5 மில்லிவோல்ட் கார்ட்ரிட்ஜுக்கு அது ஐயாயிரத்தில் ஒரு பங்கு, 0.3 மில்லிவோல்ட் கார்ட்ரிட்ஜுக்கு முந்நூற்றில் ஒரு பங்கு. அதன்பின் எத்தனை மடங்கு பெருக்கினாலும் இந்த விகிதம் மாறாது. கணினியில் கோப்பாக்கிய பின் ஒலியை உயர்த்தினாலும் மாறாது. நீர் கலந்த பாலை எவ்வளவு பெரிய பாத்திரத்துக்கு மாற்றினாலும் நீர் பிரியாததைப் போல.

பெருக்கம் மிகுந்தாலோ கேடு வேறு வகையில் வரும், அதுவே கொடியது. தயாரிப்பாளர் தரும் 5.5 மில்லிவோல்ட் என்பது உச்ச அளவன்று; அது ஒரு நியம வேகத்தில் கிடைக்கும் அளவு. தட்டில் உரத்த இடங்களில் ஊசியின் வேகம் அதன் ஐந்து மடங்கையும் தாண்டலாம். அப்போது கார்ட்ரிட்ஜ் தருவது 27 மில்லிவோல்ட். 40 டெசிபெல் ப்ரீஆம்ப் இதனை 2.7 வோல்ட்டாக்கும், தாங்கிக்கொள்ளும். ‘எம்.சி.’ நிலையில் தவறுதலாக விடப்பட்ட 60 டெசிபெல் ப்ரீஆம்ப் இதனை 27 வோல்ட்டாக்க முயலும். அதன் மின்வழங்கியே 15 வோல்ட்டில் நின்றுவிடுமாயின், அலையின் முகடு அங்கேயே வெட்டுப்படும். நாகசுரத்தின் உச்சமோ, தவிலின் அடியோ, பாடகரின் தாரஸ்தாயியோ இயல்பான வடிவம் இழந்து தட்டையாகும். வெட்டுப்பட்ட முகட்டைப் பின்னர் எந்த மென்பொருளாலும் உண்மையாக மீட்க இயலாது. ஊகித்து நிரப்பவே இயலும்.

பழந்தட்டுகளுக்கு இதில் இன்னொரு தீங்கும் உண்டு. கீறலில் ஊசி இடறும்போது எழும் ‘டக்’ என்னும் ஒலி, இசையைக் காட்டிலும் கூர்மையானது. அதன் உச்சம் மிக உயர்ந்தது. போதிய இடைவெளி உள்ள ப்ரீஆம்ப் அதனைக் கணநேரத்தில் கடந்துவிடும். இடைவெளி இல்லாத ப்ரீஆம்ப் அந்த அதிர்ச்சியில் நிறைந்து, மீண்டு வருவதற்குச் சற்றுக் காலம் எடுக்கும். அதனால் கீறலின் ஒலி நீண்டு தடிக்கும். அதே தட்டு, அதே கீறல். ஓர் இடத்தில் மெல்லிய சொடுக்கு, மற்றோரிடத்தில் பட்டாசு. பின்னதைக் கேட்டவர் ‘தட்டு தேய்ந்துவிட்டது’ என்று தீர்ப்பளித்துப் பழைய பொருள் வாங்குபவரிடம் எடைக்குப் போட்டுவிடுகிறார். தவறு செய்தது கருவி. தண்டனை பெறுவது தட்டு.

பழைய கருவிகள் வீட்டில் இருப்போர் விழும் குழி வேறு. எச்.எம்.வி. ஃபியஸ்டா போன்ற பெட்டிக் கருவிகளில் இருந்தவை செராமிக் வகைக் கார்ட்ரிட்ஜ்கள். அவை நூற்றுக்கணக்கான மில்லிவோல்ட் தருபவை. அவற்றுக்குத் தனி ஃபோனோ ப்ரீஆம்ப் தேவைப்படவில்லை. அக்காலப் பழக்கத்தில் வளர்ந்தவர் இன்றைய காந்த வகைக் கார்ட்ரிட்ஜை நேரடியாக ஆம்ப்ளிஃபயரின் பொது உள்ளீட்டில் இணைக்கிறார். ஒலி மெலிந்து, தாழ்சுருதியின்றி, தகரத்தில் தட்டியதுபோல் வருகிறது. இதற்கு நேரெதிரான பிழையும் பரவலாக உள்ளது. இன்று விற்கப்படும் மலிவான தட்டுச்சுழற்றிகள் பலவற்றில் ப்ரீஆம்ப் உள்ளேயே அமைந்திருக்கிறது. அதனை அணைக்காமல் ஆம்ப்ளிஃபயரின் ‘ஃபோனோ’ உள்ளீட்டில் இணைத்தால் பெருக்கம் இருமுறை நிகழும். 40-உம் 40-உம் சேர்ந்து 80 டெசிபெல், அதாவது பத்தாயிரம் மடங்கு. சமன்செய்தலும் இருமுறை நிகழ்ந்து, தாழ்சுருதி பெருகி எல்லாம் குழம்பும். பின்புறம் உள்ள ஒரு சிறு சுவிட்சைத் தள்ளினால் தீரும் குறைக்குப் புதிய ஒலிபெருக்கி வாங்கியோரும் இருப்பர்.

‘அப்படியாயின் எல்லாரும் எம்.சி. வாங்கி, பெருக்கத்தையும் கூட்டிக்கொள்ளலாமே’ என்னும் வாதம் உண்டு. எம்.சி. கார்ட்ரிட்ஜின் சிறப்பை மறுப்பதற்கில்லை. ஜப்பானிய ஒலிபரப்பு நிறுவனமான என்.எச்.கே.யின் தேவைக்காக 1960-களின் தொடக்கத்தில் உருவான டெனான் டி.எல்.103 இன்றும் விற்பனையில் உள்ளது. ஆனால் அது 0.3 மில்லிவோல்ட் மட்டுமே தருவது. அதன் சுருளின் மின்மறுப்பு 40 ஓம். அதற்கு மின்மாற்றி வைத்து அழுத்தத்தை உயர்த்துவர். அங்கேயும் ‘அதிகம் என்றால் நல்லது’ என்னும் எண்ணம் பொய்க்கிறது. 1:10 மின்மாற்றி அழுத்தத்தைப் பத்து மடங்காக்கும். ஆனால் ப்ரீஆம்பின் 47 கிலோ ஓம் சுமை, கார்ட்ரிட்ஜின் பக்கம் நூறில் ஒரு பங்காக, 470 ஓம்மாகத் தெரியும். இழப்புப் போகக் கிடைப்பது ஏறத்தாழ 2.8 மில்லிவோல்ட். 1:30 மின்மாற்றியில் சுமை தொள்ளாயிரத்தில் ஒரு பங்காகி 52 ஓம்மில் நிற்கும். 40 ஓம் சுருள் அதனைத் தாங்கத் திணறும். கிடைப்பது சுமார் 5.1 மில்லிவோல்ட். மடங்கு மும்மடங்கானது, பயன் இருமடங்குகூட ஆகவில்லை, ஒலியின் தன்மையும் மாறிற்று. ஒலிபரப்பு நிலையத்தில் இதனைக் கவனிக்கப் பொறியாளர் இருப்பார். வீட்டில் அவ்வாறு எவருமில்லை. எம்.எம். வகையில் ஊசி தேய்ந்தால் ஊசியை மட்டும் கழற்றி மாற்றலாம், எம்.சி. வகையில் பெரும்பாலும் கார்ட்ரிட்ஜ் முழுவதையுமே மாற்றவோ, தேர்ந்தவரிடம் அனுப்பவோ வேண்டும். இந்நகரின் சராசரி வீட்டுக்கும் சிறு ஆவணக்கூடத்துக்கும் 4 மில்லிவோல்ட் அளவிலான எம்.எம். கார்ட்ரிட்ஜும் 40 டெசிபெல் ப்ரீஆம்புமே அறிவுடைய தேர்வு.

மின்னழுத்தம் பொருந்திய பின்னும் ஒரு நுட்பம் எஞ்சுகிறது. மொழியை ஆராய்வோர் அதனைத் தவறவிடலாகாது. எம்.எம். கார்ட்ரிட்ஜின் சுருள் மிகுந்த தூண்டம் உடையது. இணைப்புக் கம்பியும் ப்ரீஆம்பும் மின்தேக்கம் உடையவை. இரண்டும் சேர்ந்து ஓர் ஒத்ததிர்வை உண்டாக்கும். 700 மில்லிஹென்றி தூண்டத்துடன் 150 பிக்கோஃபாரட் சேர்ந்தால் அது 15 கிலோஹெர்ட்ஸுக்குச் சற்று மேலே அமையும். பெரும்பாலோர் செவிக்குத் தொல்லை தராது. நீண்ட கம்பியால் மின்தேக்கம் 400 பிக்கோஃபாரட் ஆகிவிட்டால் அது 9.5 கிலோஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். அதன் அருகே ஒலி மிகைபட்டு, அதற்கு மேலே சரியும். உரசொலிகளின் ஆற்றல் திரண்டிருக்கும் பகுதியின் விளிம்பு அது. சுவாதித் திருநாளின் சமஸ்கிருதக் கிருதிகளில் ஶ, ஷ, ஸ என்னும் மூன்றும் வேறுவேறாக ஒலிக்க வேண்டும். மலையாளம் இம்மூன்றையும் எழுத்திலும் திருந்திய ஒலிப்பிலும் காக்கிறது. கம்பி ஒரு மீட்டர் நீண்டதால் ஸகரம் சீறத் தொடங்கினால், அச்சீற்றம் பாடகருடையதன்று. அதனைக் கோப்பிலிருந்து அளந்து, ‘அக்காலப் பாடகர் ஸகரத்தைக் கூர்மையாக ஒலித்தனர்’ என்று எழுதும் ஆய்வு, கம்பியைப் பற்றிய ஆய்வாகவே முடியும்.

1954-க்கு முந்தைய தட்டுகளில் இடர் இன்னும் பெரிது. அவ்வாண்டில் ஆர்.ஐ.ஏ.ஏ. எனப்படும் சமன்செய் நியமம் வந்தது. தட்டை வெட்டும்போது தாழ்சுருதியைக் குறைத்து மேல்சுருதியைக் கூட்டுவர். இசைக்கும்போது ப்ரீஆம்ப் அதனைத் தலைகீழாக்கும். 1 கிலோஹெர்ட்ஸை நோக்க, 50 ஹெர்ட்ஸில் 17 டெசிபெல் கூட்டலும் 10 கிலோஹெர்ட்ஸில் 14 டெசிபெல் குறைத்தலும் நிகழும். (நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், நிலக்கம்பியை இணைக்க மறந்த வீட்டில் எழும் உறுமல் ஏன் அவ்வளவு பெரிதாகக் கேட்கிறது என்பதற்கும் விடை இதுவே.) அதற்கு முந்தைய 78 சுழற்சித் தட்டுகள் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒவ்வொரு வளைவில் வெட்டப்பட்டவை. 1925-க்கு முன் பதிவானவை கூம்பின் வழியே நேரடியாகப் பதிவானவை. அவற்றுக்கு மின்வழிச் சமன்செய்தலே கிடையாது. அவற்றின் பள்ளமும் அகன்றது. நெடுந்தட்டுக்குரிய 18 மைக்ரான் ஊசி அதில் அடிமட்டத்தில் உருண்டு அழுக்கையே வாசிக்கும். ஏறத்தாழ 75 மைக்ரான் ஊசியே அதற்கு உரியது.

இதன் விளைவை மொழியாய்வின் கண்கொண்டு நோக்க வேண்டும். கிரியர்சனின் இந்திய மொழியியல் அளவாய்வையொட்டி, 1913 முதல் 1920-களின் இறுதிவரை நாடெங்கும் பல மொழிகளின் பேச்சு கிராமபோன் தட்டுகளில் பதிவு செய்யப்பட்டது. சென்னை மாகாணத்து மொழிகளும் வழக்குகளும் அவ்வாறே பதிவாயின. அவற்றின் உரைப்பகுதிகள் 1927-இல் சென்னையில் நூலாகவும் வந்தன. தென்னாட்டு மக்களின் பேச்சுக்கு நூறாண்டு முற்பட்ட செவிச்சான்றுகள் மிகச் சிலவே. அவற்றுள் தலையாயவை இவை. இத்தகைய தட்டொன்றை எவரேனும் கடையில் வாங்கிய சாதாரண ப்ரீஆம்ப் வழியே எண்ணிமமாக்கினால், 300 ஹெர்ட்ஸ் ஐந்தரை டெசிபெல் உயரும். 3000 ஹெர்ட்ஸ் ஏறத்தாழ ஐந்து டெசிபெல் தாழும். உயிரொலிகளின் அடையாளம் உறைவது அந்த இடைவெளியில்தான். பத்து டெசிபெல் சாய்வு, பேசியவரின் குரல்வளத்தில் இல்லாதது, அவர்மேல் ஏற்றப்படும். வ.அய். சுப்பிரமணியம் வளர்த்த மொழியியல் துறையும் அவர் நிறுவிய பன்னாட்டுத் திராவிட மொழியியல் பள்ளியும் இருக்கும் நகரில், கல்வெட்டின் ஓரெழுத்துக்காக ஆண்டுக்கணக்கில் வாதிடும் புலமை மரபில், ஒலிச்சான்றின் மேல் ஏறிய பத்து டெசிபெல்லை எவரும் வினவாதிருப்பது முரண்.

எதிர்வாதங்கள் இல்லாமலில்லை. ‘செவியே நீதிபதி, எண்கள் எதற்கு?’ என்பர். இன்புறுதலுக்குச் செவியே நீதிபதி என்பதில் ஐயமில்லை. ஆனால் செவி உரத்ததை நல்லதென்று மயங்கும் இயல்புடையது. இரு ப்ரீஆம்ப்களை ஒப்பிடும்போது சற்றே பெருக்கம் மிகுந்தது ‘தெளிவாக’ இருப்பதாகத் தோன்றும். விற்பவர் அதனை நன்கறிவார். எண் அந்த மயக்கத்தைத் தடுக்கிறது. ‘மென்பொருள் எல்லாவற்றையும் திருத்திவிடும்’ என்பது மற்றொன்று. சமன்செய் வளைவு தவறினால் மென்பொருள் திருத்தக்கூடும். ஆயினும் எந்த வளைவு இடப்பட்டதென்று எழுதிவைத்திருந்தாலே அது இயலும். வெட்டுப்பட்ட முகட்டையும் முதல் நிலை இரைச்சலையும் அது திருத்தாது. ‘24 பிட் பதிவில் எல்லாம் அடங்கும்’ என்பது மூன்றாவது. 24 பிட் தரும் உண்மையான நன்மை, அளவுமானியின் உச்சியைத் தொடும்வரை ஒலியை ஏற்ற வேண்டியதில்லை என்பதே. உச்சத்துக்கு மேல் தாராளமாக இடம் விட்டுப் பதிவு செய்யலாம். அந்த வாய்ப்பை வைத்துக்கொண்டே, கோப்பு ‘சத்தமாக’ இருக்க வேண்டுமென்று முகடுகளை மோதவிடுவது பெரும் வீண்.

குறையைக் கண்டறிய விலையுயர்ந்த கருவியும் வேண்டியதில்லை. ஊசியைத் தட்டிலிருந்து உயர்த்திவிட்டு, வழக்கமாகக் கேட்கும் அளவில் ஒலித்திருகை வைத்துக் கவனித்தால் போதும். அப்போதும் கேட்கும் சீற்றம் மின்கருவியுடையது. பெருக்கமோ பொருத்தமோ பிழை. உறுமல் கேட்டு, நிலக்கம்பியை இறுக்கியதும் மறைந்தால் குறை அங்கேதான். ஊசி இறங்கிய பின் மட்டும் எழும் சரசரப்புத் தட்டுடையது. தட்டின் எப்பகுதியிலும் உரத்த இடங்களில் மட்டும் ஒலி கரகரத்தால் ப்ரீஆம்ப் நிறைகிறது. உள்வட்டத்தை நெருங்க நெருங்க மட்டும் கரகரத்தால் ஊசியின் கோணத்தையோ தேய்மானத்தையோ பார்க்க வேண்டும். ‘சத்தம் பத்தாது’ என்னும் ஒரு தொடர் இவ்வாறு நான்கைந்து தனித்தனிக் குறைகளாகப் பிரியும். பெரும்பாலானவற்றுக்குச் செலவே இல்லை.

செய்ய வேண்டியவை இரண்டு. முதலாவது, தனியாரோ கல்லூரியோ நூலகமோ, தட்டை எண்ணிமமாக்கும் எவரும் ஒவ்வொரு கோப்புடனும் ஐந்து செய்திகளை எழுதிவைக்க வேண்டும்: கார்ட்ரிட்ஜின் பெயரும் அதன் மில்லிவோல்ட் அளவும், ஊசியின் அளவு, ப்ரீஆம்பின் பெருக்கமும் சுமையும், இட்ட சமன்செய் வளைவு, பதிவின் மாதிரி வீதமும் பிட் அளவும். ஒலி ஆவணக் காப்பகங்களின் பன்னாட்டுச் சங்கம் 24 பிட்டையும் குறைந்தது 48 கிலோஹெர்ட்ஸையும் வலியுறுத்தி, 96 கிலோஹெர்ட்ஸைப் பரிந்துரைக்கிறது. அதனைப் பின்பற்றுவதற்கு இன்றைய கணினிகளில் தடையில்லை. ஐந்து வரி எழுத ஐந்து நிமிடம் ஆகாது. ஓலைச்சுவடியைப் படியெடுத்தவர் ஏட்டின் எண்ணையும் சிதைந்த இடத்தையும் குறித்துவைத்ததால்தான் பிற்காலத்தார் பாடவேறுபாட்டைத் தீர்க்க முடிந்தது. ஒலித்தட்டின் படியெடுப்புக்கு அந்த ஒழுக்கம் இன்னும் வரவில்லை.

இரண்டாவது, சொற்கள். பெருக்கம், வெளியீடு, சுமை, இரைச்சல், உறுமல், முகடு வெட்டுப்படுதல் ஆகிய சொற்கள் தமிழில் உள்ளன. அவற்றைப் பயன்படுத்துவோர்தாம் இல்லை. கார்ட்ரிட்ஜ், ப்ரீஆம்ப் என்னும் கடன்சொற்களாலும் கேடில்லை. கேடு விளைப்பது, எல்லாவற்றையும் ‘சத்தம்’ என்னும் ஒரே சொல்லில் போட்டு மூடும் பழக்கம். பெயர் பிரியாத இடத்தில் நோயும் பிரியாது. ‘இரைச்சல் மிகுதி’, ‘பெருக்கம் குறைவு’, ‘உறுமல்’, ‘முகடு வெட்டு’ என்று நான்கு சொற்களைப் பழகிக்கொண்ட ஒருவர், கடைக்காரரிடம் ஏமாறமாட்டார், தட்டையும் பழிக்கமாட்டார்.

1963-இல் வெளியான எம்.எஸ். சுப்புலட்சுமியின் சுப்ரபாதம் போன்ற புகழ்பெற்ற தட்டு ஒரு வீட்டில் தவறாக எண்ணிமமானால் இழப்பில்லை; நல்ல படிகள் வேறு பல உள்ளன. ஆனால் சிறு நிறுவனம் வெளியிட்டு மறைந்துபோன நாட்டுப்பாடல் தட்டுக்கும், எவரோ ஊர்க்காரரின் பேச்சு பதிவான ஒற்றைத் தட்டுக்கும் மாற்றுப்படி கிடைக்காது. மூன்று நிமிடம் ஒலிக்கும் அக்குரலுக்கு எஞ்சியிருப்பது ஊசி ஒருமுறை பள்ளத்தில் இறங்கும் வாய்ப்பு மட்டுமே. இறக்குவதற்கு முன், இரண்டு எண்களைப் பெருக்கிப் பார்ப்பது அக்குரலுக்குச் செய்யும் குறைந்தபட்ச மரியாதை.